பெயர் இழந்த இசையும் பெயரை மீட்ட கலைஞரும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

இசைக்கு மயங்காதார் யார்? ஒரு நல்ல இசை காதில் விழுந்தால் வாசித்தவரைப் பாராட்டுகிறோம். அது இடம்பெற்ற படத்தைப் பாராட்டுகிறோம். அந்த மெட்டை முதன்முதலில் எண்ணியவர் யார் என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? அவ்வாறு கேட்கப்படாமல் போன ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறேன். அவர் பெயர் ஆர்தர் ஸ்மித். அமெரிக்க நாட்டுக் கலைஞர்.

1972-ஆம் ஆண்டு 'டெலிவரன்ஸ்' என்ற ஆங்கிலப் படம் வெளிவந்தது. ஜேம்ஸ் டிக்கியின் புதினத்தைத் தழுவி ஜான் பூர்மன் இயக்கிய படம் இது. அணை கட்டி ஓர் ஆற்றை மூழ்கடிக்கப் போகிறார்கள். அதற்கு முன் அதில் படகு விட்டுப் பார்க்க நகரத்து நண்பர்கள் நால்வர் ஜார்ஜியா மாநில மலைப்பகுதிக்கு வருகிறார்கள். வழியில் ஓரிடத்தில் ஒருவர் கிதாரை மெல்ல மீட்ட, அங்கிருக்கும் மலைநாட்டுச் சிறுவன் தன் பாஞ்சோவில் அதற்குப் பதில் தருகிறான். கேள்வியும் பதிலுமாகத் தொடங்கும் இசை வரவர வேகம் பிடிக்கிறது. கிதார் தோற்கிறது; பாஞ்சோ வெல்கிறது. வாசித்தவர் கைகுலுக்கப் போக, சிறுவன் முகத்தைத் திருப்பிக் கொள்கிறான்.

உண்மையில் அந்தச் சிறுவனுக்குப் பாஞ்சோ வாசிக்கத் தெரியாது. வேறொருவர் பின்னால் மறைந்திருந்து, சட்டைக் கைவழியாகக் கையை நுழைத்துத் தந்திகளை அழுத்தினார். நாம் கேட்கும் ஒலியோ எரிக் வைஸ்பெர்க் பாஞ்சோவிலும் ஸ்டீவ் மேண்டல் கிதாரிலும் வாசித்துப் பதிவு செய்தது. 'டூயலிங் பாஞ்சோஸ்' என்ற பெயரில் அது இசைத்தட்டாக வந்து, 1973-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்கு வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. கிராமி விருதும் பெற்றது. ஆனால் ஆர்தர் ஸ்மித்தின் பெயர் படத்தில் இல்லை. அவரிடம் அனுமதியும் கேட்கப்படவில்லை.

ஆர்தர் ஸ்மித் 1921 ஏப்ரல் முதல் நாள் தென் கரோலினா மாநிலத்தின் கிளின்டன் என்னும் ஊரில் பிறந்தார்; கெர்ஷா என்னும் ஆலை ஊரில் வளர்ந்தார். தந்தை துணி ஆலைத் தொழிலாளி. வேலை நேரம் போக, ஊரின் ஊதுகுழல் வாத்தியக் குழுவையும் அவரே நடத்தினார். மகன் முதலில் கற்றது ஊதுகருவிதான். பிறகு கிதார், பிடில், மாண்டலின், பாஞ்சோ என்று கையில் கிடைத்த கருவிகளையெல்லாம் வசப்படுத்திக் கொண்டார். இளம் வயதிலேயே வானொலியில் வாசித்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றினார். அக்காலத்தில் பதிவான 'கிதார் பூகி' என்னும் அவர் இசை 1948-இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் வெளியீடாக வந்து பெரும்புகழ் பெற்றது. அதனால் 'கிதார் பூகி ஸ்மித்' என்பதே அவர் பெயராயிற்று. 1957-இல் பால் மெக்கார்ட்னி என்ற இங்கிலாந்து இளைஞர் தம் குழுவோடு முதன்முதலாக மேடையேறியபோது வாசிக்க முயன்று தடுமாறியதும் இந்த இசையையே! அவர்தான் பின்னாளில் பீட்டில்ஸ் குழுவில் உலகப்புகழ் பெற்றவர்.

இனி, பாஞ்சோவைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்காவிற்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் நினைவில் பிறந்த கருவி இது. வட்டச் சட்டத்தின் மேல் மேளம் போலத் தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். குதிரை அந்தத் தோலின் மீதே நிற்கும். தந்தியின் அதிர்வை மெல்லிய தோல் உடனே காற்றுக்குக் கொடுத்து விடுகிறது. ஆகவே ஒலி உரக்க எழும். விரைவில் அடங்கியும் விடும். வீணையின் நீண்ட கார்வை இதில் இல்லை. ஒலி அடங்குமுன் அடுத்த சுரத்தைத் தொட்டாக வேண்டும். பாஞ்சோ இசை வேகமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். வகுப்பில் படித்த தடையுறு அலைவு எனக்கு நன்றாக விளங்கியது விடுதி நண்பனின் கைப்பேசியில் இந்த இசையைக் கேட்டபோதுதான்.

1955-இல் ஸ்மித் இரு பாஞ்சோக்கள் சண்டையிடுவது போல ஓர் இசை அமைத்தார். 'ஃபியூடின் பாஞ்சோஸ்' என்று பெயரிட்டார். அவர் நான்கு தந்திப் பாஞ்சோ வாசிக்க, டான் ரெனோ ஐந்து தந்திப் பாஞ்சோ வாசித்தார். பிறகு அது பலர் கைக்கு மாறியது. 1963-இல் தில்லார்ட்ஸ் குழு அதை வாசித்துப் பரப்பியது. கைமாறக் கைமாற மெட்டு வளர்ந்தது, பெயர் மறைந்தது. படத்திற்கு வந்தபோது கிதாரும் பாஞ்சோவுமாக மாறியிருந்தது. ஆனால் அடிப்படை ஸ்மித்தினுடையதே.

ஸ்மித் அப்போது வறியவர் அல்லர். சார்லட் நகரில் அவருக்குச் சொந்த ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. 1965-இல் ஜேம்ஸ் பிரவுன் தம் புகழ்பெற்ற பாடல் ஒன்றைப் பதிவு செய்தது அங்கேதான். அவரது தொலைக்காட்சி நிகழ்ச்சியும் பல ஆண்டுகளாக நடந்து வந்தது. போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. வார்னர் பிரதர்ஸ் என்ற மாபெரும் படநிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்; வென்றார். உரிமைத் தொகை வந்தது. இசையமைத்தவர் என்று பெயரும் ஏறியது. 2014 ஏப்ரல் 3-ஆம் நாள், 93-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

நண்பர்களே! இந்த வரலாறு என்னை ஏன் தொட்டது? என் தந்தையார் கைத்தறி நெசவாளர். அவர் யோசித்து யோசித்து ஒரு சேலைக்குப் புதிய கரை அமைத்தார். அடுத்த ஆண்டு அதே கரை ஊரெங்கும் வந்தது. எவர் பெயரும் அதில் இல்லை. கடையின் முத்திரை மட்டும் இருந்தது. நாலு பேர் கட்டினால் நல்லதுதானே என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கலை பரவ வேண்டும் என்பது உண்மை. பலர் வாசித்ததால்தான் அந்த மெட்டு உலகை எட்டியது. வைஸ்பெர்க்கின் திறமையும் குறைந்ததன்று. ஆனால் பரப்புவது வேறு, பெயரை அழிப்பது வேறு. ஸ்மித்தைக் காத்தது கோபம் மட்டுமன்று. 1955-இலேயே அந்த இசை அவர் பெயரில் தட்டாக வெளிவந்திருந்தது. அந்தச் சான்றே பின்னாளில் துணை நின்றது. எழுதி வைக்கும் வழக்கம் இல்லாத வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கிறோம் நாம். நம் பெற்றோர் கைகளில் உள்ள வேலைப்பாடுகளை, அவற்றைச் செய்தவர் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வைப்பது நாம் கற்ற கல்விக்கு முதற்கடமை அன்றோ? இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.