நூலகம் திறந்த பொல்லியோ

ரோமாபுரியில் நூல்கள் நெடுங்காலம் செல்வர் வீட்டு உடைமையாகவே இருந்தன. சுல்லா ஏதென்ஸிலிருந்தும் லுக்குல்லஸ் கீழை நாடுகளிலிருந்தும் போர்க்கொள்ளையோடு ஏட்டுச் சுருள்களையும் கொண்டுவந்து தம் மாளிகைகளில் அடுக்கிவைத்தனர். லுக்குல்லஸ் அறிஞர்களுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார் என்பது உண்மையே. ஆயினும் அது உரிமையாளரின் பெருந்தன்மை, படிப்பவனின் உரிமையன்று. அவ்வுரிமையை முதன்முதலாக வழங்கியவர் காயஸ் அசினியஸ் பொல்லியோ.

கி.மு. 76இல் பிறந்த அவர் வாளும் எழுத்தாணியும் ஒருங்கே ஏந்தியவர். கி.மு. 49இல் சீசர் ரூபிகன் ஆற்றைக் கடந்தபோது உடனிருந்தார். மறு ஆண்டு பார்சலஸ் களத்திலும் நின்றார். சீசர் கொலையுண்டபின் அந்தோணியைச் சார்ந்தார். கி.மு. 40இல் கான்சல் பதவி எய்தி, அந்தோணிக்கும் ஆக்டேவியனுக்குமிடையே பிரண்டிசியம் உடன்படிக்கை உருவாகப் பாடுபட்டார். பின்னர்ப் பார்த்தினி என்னும் குடியினரை வென்று வெற்றி உலாக் கண்டார். அந்தப் போர்ப்பொருளே நூலகமாயிற்று.

பொது நூலகம் என்பது சீசரின் கனவு. நூல் திரட்டும் பணியை அவர் வார்ரோ என்னும் பேரறிஞரிடம் ஒப்படைத்திருந்தார், கி.மு. 44இல் விழுந்த கத்திக்குத்துகள் அத்திட்டத்தையும் வீழ்த்தின. பொல்லியோ, பழைய விடுதலை மன்றத்தைப் புதுக்கிக் கட்டி, கிரேக்க நூல்களுக்கும் இலத்தீன் நூல்களுக்கும் அங்கே இடமளித்தார். மன்றத்தில் மறைந்த ஆசிரியர்களின் உருவங்களை நிறுத்தினார். உயிரோடிருந்தவருள் அப்பேறு பெற்றவர் ஒருவரே: முதியவர் வார்ரோ. சில ஆண்டுகளுக்கு முன், கி.மு. 43இல், கொலைப்பட்டியலில் பெயர் ஏறி, சொந்த நூற்செல்வத்தில் ஒரு பகுதியைக் கொள்ளை கொடுத்தவர் அவர். அப்பட்டியலை வெளியிட்ட மூவருள் அந்தோணியும் ஒருவர். அந்தோணியின் நண்பர் கட்டிய மன்றத்தில் வார்ரோவின் உருவம் நின்றதை என்னால் வெறும் மரியாதையாக மட்டும் கருத முடியவில்லை.

பிற்காலத்தில் அகஸ்டஸ் பலடைன் குன்றிலும், திராஜன் தம் வெற்றித்தூணின் இருமருங்கிலும் எழுப்பிய நூலகங்களில் கிரேக்கத்துக்கு ஒரு கூடம், இலத்தீனுக்கு ஒரு கூடம் என்னும் அமைப்பு நிலைபெற்றது. பொல்லியோவின் மன்றத்துச் சுவர் ஒன்றேனும் இன்று நம் கண்ணுக்குப் புலப்படவில்லை.

கவிஞர்களாகிய நமக்கு அவர் மற்றொரு வகையிலும் முன்னோர். அன்பர்களை அழைத்து அமர்த்தித் தம் எழுத்தைத் தாமே படித்துக் காட்டிய முதல் ரோமானியர் அவரே. வெர்ஜில் தம் நான்காம் ஆயர்பாட்டை அவருக்கே உரித்தாக்கினார். ஆனால் இனிய மனிதர் என்று அவரைச் சொல்ல இயலாது. சீசரின் நூல்களில் கவனக்குறைவு கண்டார்; லிவியின் நடையில் ஊர்வாடை கண்டார்; சிசரோவை அறவே பிடிக்காது. மெசாலாவின் இல்லத்தில் ஒரு கவிஞர், சிசரோவின் மறைவால் இலத்தீன் மொழியே ஊமையானதெனப் பாடத் தொடங்கியபோது, அதைத் தம்மீது எறிந்த கல்லாகக் கொண்டு எழுந்து வெளியேறினார். மகன் ஹெரியஸ் இறந்த நான்காம் நாளிலேயே அவையில் முழங்கிப் பேசியவரும் அவரே. அது கல்நெஞ்சா, துயரை மறைக்கும் வழியா?

ஆக்டியம் போரில் இருபுறமும் சேராது ஒதுங்கினார். கி.மு. 60 முதலான உள்நாட்டுப் போரின் வரலாற்றை எழுதினார். சாம்பலுக்கடியில் நெருப்பிருக்கிறதென ஹோரஸ் கவிதையில் எச்சரித்தும் விடவில்லை. அகஸ்டஸ் தம் இல்லத்தில் நுழையத் தடை விதித்த திமஜெனிஸ் என்னும் வரலாற்றாசிரியருக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்தார். அரசர் கட்டளையிட்டால் அனுப்பிவிடுவதாகவும் கூறிவைத்தார். அவருடைய துணிவின் அளவு அவ்வளவே. அகஸ்டஸ் கட்டளையிடவில்லை.

கி.பி. 4இல் பொல்லியோ மறைந்தார். கி.பி. 8இல் கருங்கடற்கரைக்கு நாடுகடத்தப்பட்ட ஓவிட், தம் நூல் ரோமாபுரிக்கு வந்து நூலகம் நூலகமாக இடம் கேட்டுத் திரும்புவதாகப் பாடினார். அதற்குக் கதவடைத்தவற்றுள் விடுதலை மன்றமும் ஒன்று.

பொல்லியோவின் வரலாறும் துன்பியல் நாடகங்களும் அழிந்தன. பிறர் நூல்களில் சில சிதறல்களே உள்ளன. முழுமையாகக் கிடைப்பவை கி.மு. 43இல் ஸ்பெயினிலிருந்து அவர் எழுதிய மூன்று கடிதங்கள். அவற்றைக் காத்து வைத்திருப்பது சிசரோவின் கடிதத் தொகுப்பு.