ஆவியை எடைபோட்ட கர்னல்

தோழியரே, பகல் உணவு மணி அடித்ததும் மரத்தடியில் கூடி நாம் பேசுவது எதைப் பற்றி? பேய்களைப் பற்றித்தானே! அதிலும் 1977ஆம் ஆண்டு இடிந்துபோன அடையாற்று முகத்துவாரப் பாலம் என்றால் நமக்குச் சோறே இறங்காது. இரவில் அங்கே அழுகுரல் கேட்கும் என்பாள் ஒருத்தி. வெள்ளைச் சேலை உருவத்தைத் தன் மாமாவே கண்டார் என்பாள் மற்றொருத்தி.

அந்தப் பக்கத்தில் உள்ள மீனவர் ஊருக்கு ஊரூர் ஆல்காட் குப்பம் என்று பெயர். வெள்ளைக்காரர் ஒருவரின் பெயர் குப்பத்துக்கு எப்படி வந்தது? தேடிப் பார்த்தபோது ஆவியைக் காணப் புறப்பட்ட ஒரு மனிதரின் வரலாறு கிடைத்தது.

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832 ஆகஸ்டு 2ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். உள்நாட்டுப் போரின்போது, படைக்குப் பொருள் விற்றவர்களின் மோசடிகளைத் துப்புத் துலக்கிக் கர்னல் பட்டம் பெற்றார். 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொலை பற்றிய விசாரணையிலும் பங்கேற்றார். பிறகு நியூயார்க்கில் வழக்கறிஞரானார். எளிதில் ஏமாறுகிற ஆள் அல்லர் என்பதற்காகவே இவற்றைக் கூறுகிறேன்.

1874இல் வெர்மான்ட் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்றில் எடி சகோதரர்கள் இரவுதோறும் ஆவிகளை வரவழைப்பதாகப் பரபரப்பு எழுந்தது. ஆல்காட் அங்கே பல வாரங்கள் தங்கிச் செய்தித்தாளுக்கு எழுதினார். ஹான்டோ என்ற செவ்விந்தியப் பெண்ணின் ஆவி தோன்றியபோது அவர் அதைத் தராசில் ஏற்றி நிறுத்தார்! எடை எப்போதும் ஒரே அளவாக இருக்கவில்லையாம். பேயைக் கண்டால் ஓடுகிற நமக்கு இந்த யோசனை தோன்றுமா?

அந்த வீட்டில்தான் ரஷ்ய நாட்டுப் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் இருவரும் வேறு சிலருடன் பிரம்மஞான சபையை நிறுவினர். 1879இல் பம்பாய்க்கு வந்து, 1882 டிசம்பரில் அடையாற்றங்கரைத் தோட்ட மாளிகையில் குடியேறினர்.

அங்கே மாடி அறைச் சுவரில் ஓர் அலமாரி. அதில் மகாத்மாக்களின் கடிதங்கள் தாமாகத் தோன்றுவதாகச் சொன்னார்கள். 1883இல் விருந்தினர் முன் ஒரு பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. துண்டுகளை உள்ளே வைத்துக் கதவை மூடிச் சில நிமிடம் கழித்துத் திறந்தால் முழுத் தட்டு! இதை என் அம்மாவிடம் சொன்னேன். தட்டை உடைத்தது யார் என்றுதான் முதலில் கேட்டார்.

மறு ஆண்டே புயல் வீசியது. மாளிகையில் பணிபுரிந்து வெளியேற்றப்பட்ட கூலோம் தம்பதியர், அலமாரியின் பின்புறம் இரகசிய வழி இருந்தது, உள்ளே வந்தது வேறு தட்டு என்றனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் அவர்கள் கொடுத்த கடிதங்களை வெளியிட்டது. இலண்டனிலிருந்து ஆராய வந்த ஹாட்சன் அனைத்தும் மோசடி என முடிவு கட்டினார். (அந்த அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று 1986இல் இன்னோர் ஆய்வாளர் எழுதியதையும் சொல்லிவிட வேண்டும்.)

தராசு கொண்டு நிறுத்தவர் அலமாரியின் முதுகை ஏன் சந்தேகிக்கவில்லை? உயிர்த் தோழியின் அலமாரி என்பதாலா? எனக்கு இதுதான் உறுத்துகிறது. வழக்குத் தொடுக்க விரும்பிய அம்மையாரை அவர் தடுத்துவிட்டார். அம்மையார் 1885இல் மனம் நொந்து கப்பலேறினார், திரும்பவேயில்லை. ஆயினும் அவருடைய சக்தி பொய்யென்று ஆல்காட் கடைசிவரை ஒப்பவில்லை.

அதன்பின் அவர் செய்த பணிகளை வாசித்தபோது என் ஏளனம் குறைந்தது. 1886இல் அடையாறு நூலகத்தைத் தொடங்கினார். 1894இல், அந்நாளில் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். மற்றவர்கள் தம் அருகே உட்காரவும் விடாத பிள்ளைகள் அவர்கள்.

1907 ஜனவரியில் நோயுற்றுக் கிடந்த அவர் கட்டிலருகே மகாத்மாக்கள் தோன்றி, அடுத்த தலைவராக அன்னி பெசண்ட் அம்மையாரைக் குறிப்பிட்டதாக அறிவித்தார். சபையினரிலேயே சிலர் நம்ப மறுத்துச் சண்டையிட்டனர். பிப்ரவரி 17ஆம் நாள் அடையாற்றிலேயே உயிர் நீத்தார்.

எங்கள் வகுப்பில் அந்தக் குப்பத்துத் தோழி ஒருத்தி இருக்கிறாள். பாலத்துப் பேயைப் பற்றி அவளிடம் கேட்டேன். இரவெல்லாம் அங்கே வலை போடும் தன் அப்பாவுக்குக் காற்றும் கொசுவும் தவிர வேறெதுவும் எதிர்ப்பட்டதில்லையாம்.