அவ்வை பெயரில் இல்லம் கண்ட டாக்டர் அம்மா

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் இருக்கிறது அதியமான்கோட்டை. வள்ளல் அதியமானின் பெயரைத் தாங்கிய ஊர். அங்கே உள்ள அதியமான் கோட்டத்தில் அவனுக்கும் அவ்வையாருக்கும் சிலைகள் இருக்கின்றன.

அவன் கதை ஊரறிந்தது. உண்டவருக்கு நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி ஒன்று அவனுக்குக் கிடைத்தது. அரசன் அவன், தானே உண்டிருக்கலாம். ஆனால் அதன் அருமையைச் சொல்லாமலே அவ்வையாருக்குக் கொடுத்துவிட்டான்.

அந்த அவ்வையின் பெயரில் சென்னையில் ஓர் இல்லம் இருக்கிறது. ஆதரவற்ற பெண்களுக்காக அதைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தான் கற்ற மருத்துவத்தை ஏழை எளியவருக்கு வாரிக் கொடுத்தவர் அவர். அவருடைய வாழ்க்கையை இந்த வாரம் பார்ப்போம்.

கல்லூரியில் ஒரே பெண்

புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், கல்வியாளர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இதனால் ஊரார் பேசிய பேச்சையும் பார்த்த பார்வையையும் சிறு வயதிலேயே முத்துலட்சுமி அறிந்திருந்தார்.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அதுவரை ஆண்களே படித்தார்கள். ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். பிறகு 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் ஆனார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மனைவியைத் தனக்குச் சமமாக மதிக்க வேண்டும், அவள் எண்ணங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. கணவரும் அதை மனமார ஏற்றார்.

மருந்து மட்டும் போதாது

ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களைப் பார்த்தார் டாக்டர் அம்மா. விளையாடும் வயதில் தாயாகிப் பிரசவத்தில் துடித்த சிறுமிகள் இருந்தார்கள். பொட்டுக் கட்டப்பட்டு, நோயோடு வந்தவர்களும் இருந்தார்கள். இவர்களுக்கு மருந்து கொடுத்து அனுப்பினால், எந்த வாழ்க்கை நோயைத் தந்ததோ அதற்கே திரும்பிப் போகிறார்கள். வழக்கத்தை மாற்றாமல் நோயை எப்படித் தீர்ப்பது?

1926-ல் சென்னை சட்டசபைக்கு அவர் நியமிக்கப்பட்டார். மறு ஆண்டே சபையின் உதவித் தலைவர் ஆனார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆஸ்பத்திரி வசதி கேட்டார். பெண்ணின் திருமண வயதை உயர்த்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார்.

சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கவும் மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக எழுந்தது. பழைய மரபு அழியும் என்றார்கள் சிலர். கலை அழியும் என்றார்கள் வேறு சிலர். அம்மையார் அசையவில்லை.

காந்தியடிகள் 1930-ல் கைதானதும், பதவியை ராஜினாமா செய்தார். பதவி போனாலும் முயற்சியை விடவில்லை. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல் நிறைவேறியது. உலக நாடுகள் கூடி மனித உரிமைப் பிரகடனம் செய்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்!

கதவைத் தட்டிய சிறுமிகள்

1930-ல் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் சிலர் அடைக்கலம் தேடி அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்துவிட்டன. அம்மையார் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் பிறந்த கதை இதுதான். பின்னாளில் அடையாற்றில் அது வளர்ந்து பெருகியது.

தங்கையைப் பறித்த நோய்

அம்மையாரின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று உறுதி கொண்டார்.

பிழைக்காத நோய்க்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பிழைக்க மாட்டார் என்று ஒருவரைக் கைவிட நமக்கு என்ன உரிமை என்பது அம்மையாரின் எண்ணம். ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் எளிய குடிசையில் சிகிச்சை தொடங்கியது. அதுவே இன்று நாடறிந்த அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி.

1956-ல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி, 82-வது வயதை நெருங்கும்போது மறைந்தார்.

இன்னும் முடியாத வேலை

ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரில்தான் நடக்கிறது. ஆனால் பெண்ணுக்கு 18 வயது ஆகாமல் திருமணம் செய்யக் கூடாது என்று சட்டம் இருந்தும், தர்மபுரிப் பக்கம் குழந்தைத் திருமணத்தை அதிகாரிகள் தடுத்து நிறுத்தும் செய்தி இன்றும் வருகிறது.

அதிகாரிகள் வந்து தடுக்கும் வரை காத்திருக்கலாமா? உங்கள் வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் போகட்டும். உடலும் அறிவும் வளர்ந்த பிறகு மணமேடை ஏறட்டும். அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.