வானில் பறந்த வனிதை

பறவையைப் போல் வானில் பறக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழமையானது. இராமகாதை புஷ்பக விமானத்தைப் பற்றிப் பேசுகின்றது. சீவக சிந்தாமணி மயிற்பொறியைக் காட்டுகின்றது. கற்பனையில் மட்டும் நிகழ்ந்துவந்த அச்செயல், 1903ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் முயற்சியால் உண்மையாயிற்று. அதே ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், இங்கிலாந்தின் கீழ்க்கரையிலுள்ள ஹல் என்னும் துறைமுக நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பிற்காலத்தில் தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவரை விமானம் ஓட்டிச் சென்று உலகை வியப்பில் ஆழ்த்திய எமி ஜான்சன் அம்மையார் ஆவார்.

எமியின் தந்தையார் ஹல் நகரில் மீன் வாணிகம் செய்து வந்தார். அவருடைய பெண் மக்களுள் எமியே மூத்தவர். பள்ளிப் படிப்பை ஹல்லில் முடித்த எமி, ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் முதலியன பயின்று 1925ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் மாநகருக்குச் சென்று, ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் செயலாளராய் அமர்ந்தார். கடிதங்களைத் தட்டெழுத்தில் அடித்தும், கோப்புகளைப் பேணியும் அவருடைய நாள்கள் கழிந்தன. ஆயினும், அவர் உள்ளம் அமைதி பெறவில்லை. தம் ஆற்றல் முழுவதையும் வேண்டி நிற்கும் ஒரு பணியை அது தேடிக்கொண்டிருந்தது.

அக்காலத்தில் விமானம் ஓட்டுதல் என்பது படைவீரருக்கும் பெருஞ்செல்வருக்குமே உரிய ஒன்றாயிருந்தது. சொந்தமாக விமானம் வாங்க எளியவரால் இயலுமா? இக்குறையைப் போக்கவே விமானக் கழகங்கள் தோன்றின. 1925ஆம் ஆண்டு டி ஹாவிலாந்து என்பார் மாத் என்னும் சிறிய விமானத்தை உருவாக்கினார். அது மரச்சட்டங்களால் அமைந்து, துணியால் போர்த்தப்பட்டது. இருவர் மட்டுமே அமரத்தக்கது. அவ்வாண்டிலேயே ஆங்கில அரசாங்கத்தின் உதவியோடு பல ஊர்களில் கழகங்கள் தொடங்கப்பட்டன. பலர் கூடிக் கட்டணம் செலுத்துவர். கழகத்துக்குரிய ஒரு சில விமானங்களை மாறி மாறிப் பயன்படுத்துவர். ஓர் இருக்கையில் ஆசிரியரும் மற்றோர் இருக்கையில் மாணவரும் அமர்வர். விமானத்தை இயக்கும் கோல் இருவர் முன்னும் இருக்கும். மாணவர் தவறினால் ஆசிரியர் உடனே திருத்துவார். ஊருணி ஊரார் அனைவருக்கும் பயன்படுதல் போல, இக்கழகங்கள் அலுவலகப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் வணிகர்க்கும் வானத்தின் வாயிலைத் திறந்துவிட்டன.

இலண்டனுக்கு அருகே ஸ்டாக் லேன் என்னுமிடத்தில் இலண்டன் விமானக் கழகம் இருந்தது. 1928ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எமி அக்கழகத்தில் முதற்பாடம் கற்றார். அப்பாடம் இனிமையாய் அமையவில்லை. அவருக்கு விமானம் ஓட்டும் திறமை வாய்க்காது என்றே ஆசிரியர் எண்ணினார். பிறர் பத்து மணி நேரப் பயிற்சியில் பெறும் தேர்ச்சியை எமி பெறுவதற்கு ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. ஆனால், அவர் மனந்தளரவில்லை. தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் பயிற்சிக் கட்டணமாகச் செலுத்தினார். 1929ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதன்முறையாகத் தனியே பறந்தார். அடுத்த மாதமே விமானிக்குரிய உரிமைச் சீட்டையும் பெற்றார்.

கழகத்தினர் பலர் ஓய்வு நேரத்தில் பறந்து மகிழ்வதோடு நிறைவடைந்தனர். எமியோ விமானத்தை ஓட்டினால் மட்டும் போதாது, அதன் உள்ளுறுப்புகளையும் அறிதல் வேண்டும் என்று கருதினார். கழகத்தின் தலைமைப் பொறியாளராகிய ஜாக் ஹம்ஃப்ரீஸ் என்பாரை அடுத்து, அத்தொழிலைக் கற்பிக்குமாறு வேண்டினார். விமானக் கொட்டகையில் எண்ணெயும் கரியும் படிந்த உடையோடு எஞ்சினைப் பிரிப்பார், துடைப்பார், மீண்டும் பூட்டுவார். பெண்ணொருத்தி இத்தொழிலைக் கற்பதா என்று தொடக்கத்தில் ஐயுற்ற தொழிலாளர்களும், அவருடைய உழைப்பைக் கண்டு தம்முள் ஒருவராகவே ஏற்றுக்கொண்டனர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் விமானப் பொறியாளருக்குரிய அரசாங்கச் சான்றிதழை எமி பெற்றார். இங்கிலாந்தில் அதனைப் பெற்ற முதற்பெண் அவரே.

இந்நிலையில் அவர் உள்ளத்தில் ஒரு பெரிய எண்ணம் முளைத்தது. 1928ஆம் ஆண்டு பெர்ட் ஹிங்க்ளர் என்னும் வீரர் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பதினைந்தரை நாள்களில் தனியே பறந்து சென்றிருந்தார். பெண்கள் எவரும் அவ்வழியில் தனியே சென்றதில்லை. அதனைத் தாம் செய்து காட்ட வேண்டும் என எமி துணிந்தார். அதுவரை அவர் பறந்த மிக நீண்ட தொலைவு, இலண்டனிலிருந்து ஹல்வரை சென்றதே ஆகும். பொருளுதவி வேண்டிப் பலரை நாடினார், பலரும் கைவிரித்தனர். இறுதியில், வான்போக்குவரத்துத் துறைத் தலைவராகிய சர் செஃப்டன் பிராங்கரின் ஆதரவால், எண்ணெய் வணிகராகிய வேக்ஃபீல்டு பிரபு உதவ முன்வந்தார். அவரும் எமியின் தந்தையாரும் பகிர்ந்தளித்த பணத்தைக் கொண்டு, முன்பே ஒருவர் பயன்படுத்திய மாத் விமானம் ஒன்று 600 பவுனுக்கு வாங்கப்பட்டது. தந்தையாரின் வாணிகக் குறியாகிய ஜேசன் என்னும் பெயரையே எமி அதற்குச் சூட்டினார்.

1930ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் காலை, குரோய்டன் விமான நிலையத்திலிருந்து ஜேசன் புறப்பட்டது. வழியனுப்பத் தந்தையாரும் நண்பர் சிலருமே வந்திருந்தனர். அவ்விமானத்தின் எஞ்சின் நூறு குதிரைத்திறன் கொண்டது. மேலே கூரையில்லை, செய்தி அனுப்பும் வானொலிக் கருவியும் இல்லை. வரைபடமும் திசைகாட்டியுமே துணை. உதிரி உறுப்புகளோடு, விமானத்தின் முன்னே சுழலும் விசிறி ஒன்றையும் கூடுதலாகக் கட்டி எடுத்துச் சென்றார். கூடுதல் தொட்டியிலிருந்த பெட்ரோலைப் பறக்கும்போதே கையால் இறைத்து மேலேற்ற வேண்டும். அதன் நெடி அவருக்குக் குமட்டலை உண்டாக்கியது. ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்து தரையிறங்கிய பின்னரும் ஓய்வில்லை. எஞ்சினைச் சோதித்துச் செப்பனிட்ட பின்னரே சிறிது நேரம் உறங்குவார்; விடியுமுன் மீண்டும் புறப்படுவார்.

வியன்னாவையும் கான்ஸ்டாண்டினோபிளையும் கடந்து, முகில் சூழ்ந்த டாரஸ் மலையின் இடுக்குகளில் நுழைந்து அலெப்போ நகரை அடைந்தார். அங்கிருந்து பாக்தாதுக்குச் செல்லும் வழியில் பெரும் மணற்புயல் ஒன்று விமானத்தைப் பற்றிக் கீழே தள்ளியது. கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத நிலையில் எமி பாலைவனத்தில் இறங்கினார். காற்று விமானத்தைப் புரட்டிவிடாதவாறு சக்கரங்களுக்குத் தம் பெட்டிகளை முட்டுக் கொடுத்தார். எஞ்சினுள் மணல் புகாதவாறு மூடினார். புயல் தணியும்வரை அப்பாழ்வெளியில் தனியே காத்திருந்து, பின் பாக்தாதை அடைந்தார். ஆறாம் நாள் கராச்சியில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஹிங்க்ளர் எடுத்துக்கொண்ட காலத்தினும் இரண்டு நாள் குறைவு அது. அதுவரை அவரைப் பொருட்படுத்தாத செய்தித்தாள்கள் யாவும் அன்று முதல் அவரையே பேசத் தொடங்கின.

கராச்சியிலிருந்து அலகாபாத்தை நோக்கிப் பறந்தபோது பெட்ரோல் குறைந்தது. இராணி இலட்சுமிபாயின் வீரத்தால் புகழ்பெற்ற ஜான்சி நகரில், படைவீரரின் அணிவகுப்புத் திடலில் அவர் இறங்க நேர்ந்தது. விமானம் திடலைக் கடந்து ஓடிக் கட்டடத்தின் மேல் மோதியதால், அதன் இறக்கை உடைந்தது. வியப்புற்று ஓடிவந்த வீரர்கள் எமிக்குத் துணை நின்றனர். அவ்வூர்த் தச்சர் ஒருவர் இறக்கையின் முறிந்த மரச்சட்டத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தார். மறுநாளே ஜேசன் அலகாபாத்தைக் கடந்து கல்கத்தா சென்றது.

பர்மாவை அடைந்தபோது பருவமழை பொழிந்துகொண்டிருந்தது. இரங்கூனின் பந்தயத் திடல் என்று எண்ணி, அதற்கு அருகேயிருந்த இன்சின் என்னும் ஊரில் ஒரு தொழிற்கல்லூரியின் விளையாட்டுத் திடலில் எமி இறங்கினார். விமானம் பள்ளத்தில் பாய்ந்தது, இறக்கை சிதைந்தது, முன்விசிறி ஒடிந்தது. தம் முயற்சி யாவும் வீணாயிற்றே என்று எமி கலங்கினார். ஆனால், கல்லூரியின் ஆசிரியரும் மாணவரும் அவரைக் கைவிடவில்லை. இரவும் பகலும் உழைத்து இறக்கையைச் செப்பம் செய்தனர். இறக்கையைப் போர்த்தத் துணி வேண்டியிருந்தது. முதல் உலகப் போரின்போது விமானத்துக்கென நெய்யப்பட்டு எஞ்சிய துணியால் தைத்த சட்டைகள் சில அவ்வூரில் இருந்தன. அச்சட்டைகளைப் பிரித்து இறக்கைக்குப் பொருத்தினர். தாம் கொண்டு வந்திருந்த விசிறியை எமி பூட்டிக்கொண்டார். இவற்றால் சில நாள்கள் கழிந்தன. ஹிங்க்ளரை வெல்லும் வாய்ப்பும் கைநழுவிற்று. எனினும், பயணத்தை முடித்தே தீர்வது என்னும் உறுதி நழுவவில்லை.

பாங்காக்கையும் சிங்கப்பூரையும் கடந்து ஜாவாத் தீவில் இறங்கியபோது, தரையில் நட்டிருந்த மூங்கில் முளைகள் இறக்கைத் துணியைக் கிழித்தன. புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கொண்டே அக்கிழிசல்களை ஒட்டிப் புறப்பட்டார். திமோர்த் தீவில் குறித்த இடத்துக்கு அவர் வந்து சேராமையால், இறந்துபட்டாரோ என உலகம் அஞ்சியது. அவரோ வேறோரிடத்தில் நலமே இறங்கியிருந்தார். எஞ்சியது ஏறத்தாழ 500 மைல் அகன்ற கடல். எஞ்சின் சிறிது பிழைத்தாலும் உயிருக்கு உறுதியில்லை. மே மாதம் 24ஆம் நாள் அக்கடலைத் தாண்டி, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் எமி இறங்கினார். ஏறத்தாழ 11,000 மைல் தொலைவைத் தனியே பறந்து கடந்த முதற்பெண் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று.

ஆகஸ்டு மாதம் தாய்நாடு திரும்பியபோது, இலண்டன் வீதிகளில் இலட்சக்கணக்கான மக்கள் திரண்டு வரவேற்றனர். அரசர் பட்டமளித்துச் சிறப்பித்தார். செய்தித்தாள் ஒன்று 10,000 பவுன் பரிசளித்தது. சிட்னி நகரின் பள்ளிச் சிறுவர்கள் சிறு காசுகளாய்த் திரட்டித் தந்த பணத்தை எமி தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அதனைக் கொண்டு பொற்கிண்ணம் ஒன்று செய்வித்து, வீரச்செயல் புரியும் ஹல் நகரச் சிறுவர்களுக்குப் பரிசாக வழங்குமாறு அந்நகருக்கே அளித்தார்.

எமியின் பயணங்கள் அதனோடு முடியவில்லை. 1931ஆம் ஆண்டு, தம் ஆசிரியராகிய ஹம்ஃப்ரீசையே துணையாகக் கொண்டு இலண்டனிலிருந்து ஒரே நாளில் மாஸ்கோவை அடைந்து, அங்கிருந்து டோக்கியோவரை பறந்தார். 1932ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்குத் தனியே பறந்து புதிய சாதனை படைத்தார். தோல்விகளும் அவரைத் தொடர்ந்தன. 1934ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவரை நடந்த பெரும் பந்தயத்தில் தம் கணவர் ஜிம் மாலிசனோடு கலந்துகொண்டு, எஞ்சின் பழுதால் அலகாபாத்தோடு நின்றார். வெற்றியில் செருக்காமலும் தோல்வியில் சோராமலும் அவர் வாழ்ந்தார். பெண் பொறியாளர் சங்கத்தின் தலைவராய் விளங்கி, பெண்கள் அத்தொழிலில் ஈடுபட ஊக்கினார். எஞ்சின் இல்லாமல் காற்றின் போக்கிலே மிதக்கும் விமானங்களை ஓட்டும் கழகங்களிலும் விருப்பத்தோடு சேர்ந்து பறந்தார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிச் சென்று சேர்க்கும் துணைப்படையில் 1940ஆம் ஆண்டு எமி சேர்ந்தார். உலகப் புகழ் பெற்றவராயினும் மற்றவரைப் போலவே அப்பணியை ஆற்றினார். 1941ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், பிளாக்பூல் என்னும் ஊரிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகிலுள்ள தளத்துக்கு ஒரு விமானத்தைக் கொண்டு சென்றார். வானம் முகிலால் மூடியிருந்தது. வழி தவறிய விமானம் தேம்ஸ் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் வீழ்ந்தது. பாராசூட்டின் வாயிலாகக் குதித்த எமியைப் பனிபோல் குளிர்ந்த நீர் விழுங்கிற்று. அவ்வழியே வந்த போர்க்கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெச்சர், தம்முயிரைப் பொருட்படுத்தாமல் நீரில் பாய்ந்தார். அவர் முயற்சி பயனளிக்கவில்லை. அப்பெருந்தகையும் உயிர் துறந்தார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

ஜேசன் விமானம் இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டுள்ளது. அச்சிறிய விமானத்தைக் காண்போர், இதில் அமர்ந்தா ஒருவர் பாதி உலகைக் கடந்தார் என்று வியப்பர். அவ்வியப்பு எமி ஒருவரால் மட்டும் விளைந்ததன்று. எளியோர்க்கும் இடந்தந்த ஒரு கழகமும், தொழிலை மறைக்காமல் கற்பித்த ஓர் ஆசிரியரும், ஜான்சியின் தச்சரும், இன்சினின் மாணவரும் அதில் பங்குடையவர்கள். ஆனால், பிறர் உதவி பயன் தருவது தாமே முயல்வோரிடத்தில்தான். திறமை இல்லாதவர் என்று முதல்நாள் கருதப்பட்ட பெண், எண்ணெய் படிந்த கைகளோடு இரவும் பகலும் கற்ற கல்வியே, பாலைவனத்திலும் கடலின் மீதும் அவருக்குத் துணை நின்றது. மெல்லக் கற்பது குறையன்று. கற்பதை இடையில் விடுவதே குறை. இதனை எமி ஜான்சன் அம்மையாரின் வாழ்க்கை நமக்கு நன்கு புலப்படுத்துகின்றது.