அண்ணல் சேர்த்துவைத்த நேரம்

வேலை கிடைத்துவிட்டால் படிப்பு முடிந்தது என்பதுதான் நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளின் கணக்கு. குடும்பத்தில் முதல் சம்பளம் வாங்கும் பிள்ளை மேலே படிக்க ஆசைப்பட்டால், பொறுப்பில்லாதவன் என்ற பேச்சு வருகிறது. அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் அதிகம் பேசப்படாத ஒன்றரை ஆண்டு இருக்கிறது. வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்கா சென்ற அம்பேத்கர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1916-ல் லண்டன் போனார். பொருளாதாரமும் சட்டமும் படிக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். நான்கு ஆண்டுகளுக்குள் வந்து தொடரலாம் என்று மட்டும் அனுமதி கிடைத்தது. வேறு கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள், போர்க்காலத் தாக்குதலில் கடலில் மூழ்கிப்போயின.

உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடா அரசில் பத்து ஆண்டு வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். 1917-ல் அங்கே வேலையில் சேர்ந்தார். பியூன்கள் எட்ட நின்று கோப்புகளை மேசைமீது வீசினார்கள். அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து, தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பம்பாய்க்குத் திரும்பி டியூஷன் எடுத்தார். பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றுபோனது.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய். அன்றைக்கு அது பெரிய தொகை. பேராசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு அங்கேயும் சிலர் ஆட்சேபம் சொன்னார்கள். அதையும் தாங்கிக்கொண்டு பாடம் நடத்தினார். பிற கல்லூரி மாணவர்களும் அவர் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

கை நிறையச் சம்பளம் வந்தும் பரேல் தொழிலாளர் குடியிருப்பின் இரண்டு அறைகளை விட்டு அவர் நகரவில்லை. வீட்டுச் செலவுக்கு ரமாபாயிடம் அளந்து கொடுத்தார். மீதியை லண்டன் படிப்புக்குச் சேர்த்தார்.

நேரத்தையும் அதே சிக்கனத்தோடு பயன்படுத்தினார். வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1919 ஜனவரியில், சவுத்பரோ குழுவின் முன் தீண்டப்படாத மக்களின் வாக்குரிமைக்காகச் சாட்சியம் அளித்தார். 1920 ஜனவரி 31-ல் 'மூக்நாயக்' இதழைக் கொண்டுவந்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அதற்கு 2,500 ரூபாய் தந்தார். அரசுக் கல்லூரியில் வேலை பார்த்ததால், ஆசிரியர் என்று தன் பெயரைப் போடாமல் வேறொருவர் பெயரில் இதழை நடத்தினார்.

1920 மார்ச்சில் வேலையை விட்டார். சேமிப்போடு, நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கிக்கொண்டு, சாகு மகராஜின் உதவியையும் பெற்று, ஜூலையில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். பிரிட்டிஷ் மியூசிய நூலகம் திறக்கும்போது நுழைந்து மூடும்போது வெளியே வந்தார். இரவுப் பசிக்குப் பல நாள் அப்பளம்தான். 1921-ல் எம்.எஸ்சி., 1922-ல் பாரிஸ்டர், 1923-ல் டி.எஸ்சி. என்று விட்ட படிப்பை முடித்துக் காட்டினார்.

இந்த இடத்தில் ரமாபாயை மறந்தால் கதை முழுமையாகாது. கணவர் லண்டனில் இருந்த ஆண்டுகளில் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தவர் அவர். ஒருவர் வளர்வதற்கான நேரத்தை வீட்டில் இன்னொருவர் உழைத்துக் கொடுக்கிறார். அந்த இன்னொருவர் எப்போதும் பெண்ணாகவே இருப்பதை நம் தலைமுறையாவது மாற்ற வேண்டும்.

தனி மனிதரின் வைராக்கியம் மட்டும் போதாது என்பதை அண்ணல் அறிந்திருந்தார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தை அவர்தான் கொண்டுவந்தார். அது 1946-ல் நிறைவேறியது. அதே ஆண்டு அவருடைய மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தது. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று அங்கே காலை நேர வகுப்புகள் நடந்தன. தான் அரும்பாடுபட்டு ஒதுக்கிக்கொண்ட நேரம் உழைக்கும் எல்லோருக்கும் கிடைக்க அவர் வழி செய்தார்.

பகலில் கடையிலும் மில்லிலும் நின்றுவிட்டு, இரவில் அஞ்சல்வழிப் படிப்புக்கோ அரசுத் தேர்வுக்கோ புத்தகம் விரிக்கும் தம்பி தங்கைகள் நம் சேரிகளில் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கையும் நாளில் ஒரு மணி நேரத்தையும் தங்களுக்கென்று எடுத்துவைப்பது சுயநலம் ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களைத் தண்ணீர் பிடிக்கவும் கடைக்குப் போகவும் அனுப்பாமல் இருப்பது வீட்டில் இருக்கும் நம்முடைய பொறுப்பு.