சினிமா ராணி டி. பி. இராஜலட்சுமி

இராசபாளையத்தை அடுத்துள்ள திருவில்லிபுத்தூரில் வளர்ந்த ஆண்டாள், தம் மனம் விரும்பிய அரங்கனையே மணாளனாக வரித்தார் என்பது தமிழர் நன்கறிந்த வரலாறு. ஆயினும், நூற்றாண்டுகள் பல கடந்த பின்னரும், தமிழ்ப் பெண்கள் பலருக்குத் தம் மணத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமை கிட்டவில்லை; பொருளே பல திருமணங்களை முடிவு செய்தது. அந்நிலையைத் தம் வாழ்விலேயே கண்டு, பின்னர் அதனைத் திரையில் வினவியவர் டி. பி. இராஜலட்சுமி.

இவர் 1911-ஆம் ஆண்டு திருவையாற்றில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோதே இவருக்கு மணம் முடிக்கப்பட்டது. கேட்ட வரதட்சணை கிடைக்காமையால், புகுந்த வீட்டார் இவரைத் தாய்வீட்டிற்கே திருப்பி அனுப்பினர். தந்தையும் விரைவில் மறைந்தார். ஆதரவற்ற தாயும் மகளும் திருச்சிராப்பள்ளியை அடைந்தனர். பெண்கள் மேடையேறுவதை இழிவாகக் கருதிய அக்காலத்தில், இராஜலட்சுமி நாடகக் குழுவில் சேர்ந்தார். சங்கரதாசு சுவாமிகளின் ஆதரவும் இவருக்குக் கிடைத்தது. இனிய குரலாலும் தெளிந்த நடிப்பாலும் விரைவில் புகழ்பெற்றார்.

மௌனப்படக் காலத்தில், 1929-ஆம் ஆண்டு வெளிவந்த 'கோவலன்' படத்தில் நடித்தார். தொடர்ந்து இராஜா சாண்டோ இயக்கிய 'உஷாசுந்தரி' முதலிய படங்களிலும் தோன்றினார். உரையாடலை எழுத்து அட்டைகளே தாங்கிய அப்படங்களில், மேடையில் புகழ்பெற்ற அவருடைய குரல் ஒலிக்க வழியில்லை. கண்ணும் முகமும் கையசைவுமே காதலையும் துயரையும் உணர்த்தின. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் சென்னையில் வெளியான 'காளிதாஸ்' அக்குறையைப் போக்கியது. தமிழின் முதல் பேசும்படமாகிய அதன் நாயகி இராஜலட்சுமியே. மக்கள் இவரைச் 'சினிமா ராணி' என்று போற்றினர்.

குரல் பெற்றவர், தமக்கெனச் சொல்ல ஒரு கதையும் வைத்திருந்தார். தாம் எழுதிய 'கமலவல்லி' என்னும் புதினத்தை, 1936-இல் 'மிஸ் கமலா' என்ற படமாகத் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். ஒருவனை விரும்பும் பெண்ணை மற்றொருவனுக்கு மணமுடித்து வைக்கும் கொடுமையை அது காட்டியது. இதன்வழித் தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்னும் பெருமையையும் பெற்றார்.

தம் வாழ்விலும் இரண்டாம் முறை தாம் விரும்பியவரையே மணந்தார். உடன் நடித்த டி. வி. சுந்தரம் இவர்தம் கணவரானார். பெண்சிசுக் கொலையை எதிர்த்ததோடு நில்லாமல், ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்தும் வளர்த்தார். 1964-ஆம் ஆண்டு மறைந்தார்.

பொன் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட சிறுமி, தம் உழைப்பால் பொருளீட்டி, அப்பொருளைக் கொண்டே பெண்ணின் விருப்பத்தைப் பேசும் படம் எடுத்தார். பெண்ணின் மதிப்பு அவள் கொண்டுவரும் சீரில் இல்லை என்பதற்கு இவர் வாழ்வே சான்றாகும்.