பாட் ரேட்டுக்குப் பின்னாடி இருக்கிற மனுஷன்

மைக்ரோகன்ட்ரோலர் லேப்ல புட்டி திறந்து சீரியல் கனெக்‌ஷன் எடுத்தீங்கன்னா, அது முதல்ல கேட்கிறதுல ஒண்ணு ஸ்பீடு. பெரும்பாலும் 9600 போடுவோம். சில போர்டுகளுக்கு 115200. சரியா போட்டா எழுத்து வரும். தப்பா போட்டா ஸ்கிரீன் முழுக்கக் கிறுக்கல். அந்த எண்ணுக்குப் பக்கத்துல வர்ற பாட் என்கிற சொல், ஒரு மனுஷனோட பெயர். பாதி பெயர்னு சொல்லணும். முழுப் பெயர் ழான் மோரிஸ் எமில் போதோ. பிரான்ஸ் நாட்டுத் தந்தி ஆபரேட்டர். அவர் இறந்து 120 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா நீங்க ஒரு டெர்மினலைத் தேர்ந்தெடுத்து செட்டிங்ஸ் மாத்துற ஒவ்வொரு தடவையும், அவர் தொட்ட பிரச்சினையைத்தான் நீங்களும் தொடுறீங்க. அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. அடுத்த தடவை கிறுக்கல் வந்தா எங்கே பார்க்கணும்னு உங்களுக்கே தெரியும்.

போதோ 1845 செப்டம்பர் 11 அன்று, பிரான்ஸின் ஓத்-மார்ன் பகுதியில் உள்ள மக்னோ என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி. உள்ளூர் ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. இன்ஜினியரிங் காலேஜ் எல்லாம் கிடையாது. கொஞ்ச காலம் அப்பாவோடு வயல் வேலை. 1869-ல், 24 வயதில், தந்தித் துறையில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்தார்.

துறை அவருக்கு முதலில் மோர்ஸ் தந்தியைக் கற்றுக்கொடுத்தது. பிறகு நான்கு மாதம் ஹியூஸ் கருவியில் பயிற்சி. ஹியூஸ் கருவின்னா, பியானோ மாதிரி கட்டைகள் இருக்கும். எழுத்தை அமுக்கினா அடுத்த ஊர்ல காகிதத்துல அந்த எழுத்தே அச்சாகி வரும். மோர்ஸ்ல புள்ளியையும் கோட்டையும் காதால கேட்டு எழுதிட்டிருந்த காலத்துல இது பெரிய விஷயம். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. போதோ சிறிது காலம் அதில் பணியாற்றினார். 1872-ல் பாரிஸுக்கு, பழைய வேலைக்கே திரும்பினார்.

வேலையில் உட்கார்ந்தவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பாரிஸிலிருந்து இன்னொரு நகரத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பி இழுக்கணும்னா செலவு ஏராளம். ஆனா அந்தக் கம்பி பெரும்பாலான நேரம் சும்மா கிடக்குது. ஒரு எழுத்து போகிற சின்னக் கணம் மட்டும்தான் அதுல மின்சாரம் ஓடுது. ஆபரேட்டர் அடுத்த எழுத்தைத் தேடுற நேரம் முழுக்கக் காலி. அந்தக் காலி நேரத்தை வேற நாலு பேருக்குக் கொடுத்தா என்ன? நம்ம சிலபஸ்ல டைம் டிவிஷன் மல்டிபிளெக்ஸிங்னு வர்றது இதுதான். இந்த யோசனை அவருக்கு மட்டும் வந்ததல்ல. மேயர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஏற்கெனவே அதில் வேலை செய்திருந்தார். துறை போதோவை உற்சாகப்படுத்தியது. ஆனா வேலை நேரத்துல இல்ல, சொந்த நேரத்துல செஞ்சுக்கோன்னு விட்டுடுச்சு. பகலில் ஆபரேட்டர், மிச்ச நேரத்தில் கண்டுபிடிப்பாளர். இதற்கு நடுவே உடல்நிலையும் சரியில்லை. வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தொடங்கிய உபாதை கடைசிவரை விடவில்லை; ஒரு தடவை ஒரு மாதம்வரை வேலைக்குப் போக முடியாமல் இருந்தார்.

அவர் செய்தது இரண்டு காரியம்.

ஒன்று, எழுத்துக்கு ஒரே அளவு கொடுத்தார். மோர்ஸ்ல இங்கிலீஷ் ஈ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. வேற எழுத்துக்கு நாலு குறி. அளவு மாறிட்டே இருந்தா நேரத்தைப் பங்கு போட முடியாது. போதோ ஒவ்வொரு எழுத்துக்கும் சரியாக ஐந்து துடிப்பு வைத்தார். ஒவ்வொரு துடிப்பும் இரண்டில் ஒன்று. இன்னிக்கு நாம அதை 5 பிட்னு சொல்வோம். இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32. எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாத்துக்கும் 32 பத்தாது. அதுக்கு ஷிஃப்ட் வெச்சார்: ஒரு குறி வந்தா இனிமே வர்றதெல்லாம் எண், இன்னொரு குறி வந்தா திரும்ப எழுத்து.

இரண்டு, நேரத்தைப் பங்கு போடும் கருவி. வட்டமான தட்டில் பித்தளைத் துண்டுகள். அதன் மேல் ஒரு பிரஷ் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரஷ் எந்த ஆபரேட்டரின் துண்டைத் தொடுகிறதோ, அந்தக் கணம் கம்பி அவருக்குச் சொந்தம். அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒரு தட்டு. ரெண்டு பிரஷும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல இருக்கணும். கொஞ்சம் நழுவினாலும் உங்க தந்தி அடுத்தவன் காகிதத்துல அச்சாகும். அதனால ரெண்டையும் ஒரே வேகத்துல பிடிச்சு வைக்கிறதுதான் அவரோட உண்மையான கஷ்டம். நீங்க 9600-க்குப் பதிலா 115200 போட்டா வர்ற கிறுக்கலுக்குக் காரணமும் இதேதான்: எந்தக் கணத்துல கம்பியைப் பார்க்கணும்னு ரெண்டு முனையும் வேற வேற நினைப்புல இருக்கு.

1874 ஜூனில் காப்புரிமை பெற்றார். அடுத்த வருஷம் துறை அந்த முறையை ஏற்றுக்கொண்டது. 1877 நவம்பரில் பாரிஸ் – போர்தோ கம்பியில் அது ஓடத் தொடங்கியது. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். படிப்புச் சான்றிதழ் எதுவும் இல்லாத ஆபரேட்டர், 1882-ல் துறையின் இன்ஸ்பெக்டர்-இன்ஜினியர் ஆனார்.

இதுல ஆபரேட்டர் பாட்டைக் கேளுங்க. அவர் முன்னாடி அஞ்சே அஞ்சு கட்டை. இடது கைக்கு ரெண்டு, வலது கைக்கு மூணு. எல்லா எழுத்தும் அந்த அஞ்சு விரல்லதான். வலது கை மூணு கட்டையை மட்டும் வெச்சு ஏழு சேர்க்கை வரும். அந்த ஏழையும் போதோ உயிரெழுத்துகளுக்குக் கொடுத்தார். இடது கை சேர்ந்தா மெய்யெழுத்து. விரலுக்கும் ஞாபகத்துக்கும் சுலபம். தானே ஆபரேட்டரா இருந்தவருக்குத்தான் இது தோணும். ஆனாலும் ஒரு சங்கடம் இருந்தது. கட்டையை அமுக்கினா அது அப்படியே பூட்டிக்கும். பிரஷ் வந்து தொட்டுப் போனப்புறம் ஒரு டிக் சத்தத்தோடு விடுபடும். அடுத்த சுற்றுக்குள் அடுத்த எழுத்து விரலில் தயாராக இருக்கணும். நிமிஷத்துக்கு 30 சொல், அதாவது சுமார் 180 எழுத்து. தும்மல் வந்தாலும் தாளம் தப்பக்கூடாது. மனுஷன் மெஷினோட தாளத்துக்கு ஆடணும். நொடிக்கு மூணு எழுத்துன்னா மெதுவாத்தான் தெரியும். இதே 9600-ல, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட்னு வெச்சா எழுத்துக்கு மொத்தம் பத்து பிட். நொடிக்கு 960 எழுத்து. 320 ஆபரேட்டர்கள் ஒரே நேரத்துல அடிக்கிறதுக்குச் சமம்.

வெற்றி நிம்மதியாக வரவில்லை. லூயி விக்டர் மிமோ என்ற இன்னொரு தந்தி ஆபரேட்டரும் அதே 1874-ல், ஐந்து தனித்தனிக் கம்பிகளில் எழுத்தை அனுப்பும் முறைக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். ஐந்து குறி யோசனை தன்னுடையது என்று 1877-ல் போதோ மீது வழக்குப் போட்டார். முதலில் தீர்ப்பு மிமோ பக்கம் வந்தது: ஐந்து குறி முறையில் முன்னுரிமை அவருக்கு, போதோ செய்தது அதன் மேம்பாடு மட்டுமே. பிறகு அந்தத் தீர்ப்பு ரத்தாகி, வழக்குச் செலவும் மிமோ தலையில் விழுந்தது. அவர் மனம் உடைந்துபோனார். அரசிடம் பணமும் பட்டமும் கேட்டார். தந்தி ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ழூல் ரேனோ தலைமையிலான குழு மறுத்தது. மிமோ ரேனோவைச் சுட்டுக் கொன்றார். கடுங்காவலும் நாடு கடத்தலும் தண்டனையாகக் கிடைத்தது. ஒரு பெயர் யாருக்குச் சேரணும்ங்கிற சண்டையில, வழக்குல வாதியும் இல்லாத பிரதிவாதியும் இல்லாத ஒருத்தர் உயிர் போச்சு. பாட் என்கிற சொல்லைச் சொல்லும்போது மிமோவும் ரேனோவும் யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல.

போதோவின் சொந்த வாழ்க்கையும் அப்படித்தான். 1890 ஜனவரியில், 44 வயதில் திருமணம். மூன்றே மாதத்தில் மனைவி இறந்தார். அவருடைய கருவி இத்தாலி, நெதர்லாந்து என்று பரவியது. 1897-ல் லண்டன் – பாரிஸ் கம்பியிலும் ஏறியது. 1903 மார்ச் 28 அன்று, பாரிஸை அடுத்த சோ என்ற ஊரில், 57 வயதில் காலமானார்.

அவர் போனதுக்கு அப்புறம்தான் அவர் வேலை நம்ம ஸ்கிரீனை நோக்கி நடக்க ஆரம்பிச்சுது. நியூசிலாந்தில் பிறந்த டொனால்ட் மரே 1901 வாக்கிலேயே ஐந்து கட்டையை எடுத்துவிட்டு டைப்ரைட்டர் மாதிரி கீபோர்டு வைத்தார். ஆபரேட்டர் தன் வேகத்தில் காகித நாடாவில் துளை போடுவார். நாடா மெஷினுக்குள் போகும். தாளம் பிடிக்கும் தலைவலி மனுஷனை விட்டுப் போச்சு. குறிகளையும் மாற்றி அடுக்கினார். வண்டியை வரித் தொடக்கத்துக்குக் கொண்டுபோக ஒரு குறி, காகிதத்தை ஒரு வரி ஏற்ற ஒரு குறி என்று சேர்த்தார். கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீடு. புட்டியில் வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் சரிஞ்சுகிட்டே போறதைப் பார்த்திருப்பீங்க. லைன் ஃபீடு மட்டும் வந்து, கேரேஜ் ரிட்டர்ன் வரலைன்னு அர்த்தம். செட்டிங்ஸ்ல டெர்மினல் பக்கத்துல அதுக்குன்னே ஒரு டிக் பாக்ஸ் இருக்கு.

பிறகு டெலிபிரின்டர்கள் வந்தன. டெலிடைப் மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள், லினக்ஸ்ல டி.டி.ஒய்.னு பார்க்கிறது அந்த டெலிடைப்தான். 1963-ல் ஏழு பிட் ஆஸ்கி. 1978-ல் விடி100 என்ற ஸ்கிரீன் டெர்மினல். இன்னிக்கு நீங்க இன்ஸ்டால் பண்ற புட்டி, டெரா டெர்ம், மினிகாம் எல்லாமே அந்த மாதிரி மெஷினா நடிக்கிற மென்பொருள். டெர்மினல் எமுலேட்டர்ங்கிற பெயரே அதனாலதான்.

நடிப்புல பழைய குணமும் சேர்ந்து வரும். டெர்மினல்ல ஒரு பைனரி ஃபைலை கேட் கமாண்ட் கொடுத்துத் திறந்தா, அதுக்கப்புறம் நீங்க அடிக்கிற எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமா மாறிடுறது உண்டு. போதோவின் ஷிஃப்ட் மாதிரியே, இனிமே வேற எழுத்துத் தொகுதின்னு சொல்ற குறி ஒண்ணு ஃபைலுக்குள்ள இருந்திருக்கும். பயப்பட வேண்டாம். ரீசெட்னு கண்ணை மூடிக்கிட்டு அடிச்சு என்டர் தட்டுங்க, சரியாகிடும். அதே நேரத்துல கமாண்ட் வரியில புட்டிபுட்டின்னு தானா எழுத்து வந்தா அதுவும் வைரஸ் இல்ல. எதிர்முனை யாருன்னு கேட்கிற பழைய டெலிபிரின்டர் கேள்விக்குப் புட்டி தன் பெயரைப் பதிலா சொல்லுது, அவ்வளவுதான்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் ரெண்டு முனையும் ஒத்துப்போக வேண்டியது நாலு விஷயம். வேகம், ஒரு எழுத்துக்கு எத்தனை பிட், எந்த எழுத்துத் தொகுதி, வரி எப்படி முடியுது. சீரியல் கேபிள்னா நாலையும் பாருங்க. எஸ்.எஸ்.ஹெச்.ல சர்வருக்குள்ள போறீங்கன்னா முதல் ரெண்டு பிரச்சினை இல்ல. மூணாவது கண்டிப்பா இருக்கு. தமிழ்ல ஃபைல் பெயர் வெச்சிருந்தா கேரக்டர் செட் யூ.டி.எஃப்-8-ஆ இருக்கணும். 32 குறியில போதோ தன் மொழியை அடக்கினார். நம்ம அ ஒண்ணுக்கே யூ.டி.எஃப்-8-ல மூணு பைட். இந்தப் பக்கம் தொகுதி மாறிப்போச்சுன்னா ஒரு எழுத்து சம்பந்தமில்லாத மூணு குறியா உடையும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழிச்சிடாதீங்க. செட்டிங்கை மாத்திப் பாருங்க.

வைவாவுக்கு ஒரு விஷயம்: பாட்னா ஒரு நொடியில கம்பியில எத்தனை தடவை குறி மாறலாம்ங்கிற எண்ணிக்கை. ஒவ்வொரு குறியும் ரெண்டில் ஒண்ணுன்னா பாட்டும் பிட் ரேட்டும் ஒரே எண். ஒரு குறிக்குள்ள அதிக பிட் அடக்கினா ரெண்டும் பிரியும். 600 பாட்டில் 2400 பிட் அனுப்பிய மோடம்கள் இருந்தன. இந்த அலகுக்கு 1920-களில் போதோவின் பெயரைச் சூட்டினார்கள்.

ஏதாவது ஒரு லினக்ஸ் சர்வருக்குள்ள எஸ்.எஸ்.ஹெச்.ல போய் எஸ்.டி.டி.ஒய். கமாண்டை அடிச்சுப் பாருங்க. பெரும்பாலும் முதல் வரியிலேயே ஸ்பீடு 38400 பாட்னு வரும். அங்கே கம்பியும் இல்ல, சுத்துற பிரஷும் இல்ல. அந்த எண்ணுக்கு எந்த வேலையும் இல்ல. ஆனாலும் அந்த வரியில இருந்து போதோவின் பெயரை இன்னும் யாரும் எடுக்கல.